நான்காவது ரீல்

அம்புரோஸ் ஹெயில் என்று ஒரு கறுப்பர் இருந்தார். சிகாகோவில் ஒரு பல் வைத்தியரின் வீட்டுப் பின்கட்டை இரவல் வாங்கி, உறவுக்காரர்களின் கோட்டுகளையும் பக்கத்துக் கடைக்காரரின் மோட்டாரையும் இரவல் வாங்கி, பதினோரே நாளில் அவர் ஒரு துப்பறியும் படம் எடுத்தார். முன்கட்டில் வைத்தியர் தன் தொழிலை நிறுத்தவில்லை என்பதால், காதல் காட்சியில் பல் குடையும் கருவியின் சத்தமும் யாரோ முனகுவதும் லேசாகக் கேட்கும். நடனக் கிளப் முதலாளி ஒருவன் கொலையாகிறான், பழி அவனுடைய கார் ஓட்டிமேல் விழுகிறது, சாம்பல் நிறத் தொப்பி வைத்த கறுப்புத் துப்பறிவாளர் நான்காவது ரீலில் உண்மையைக் கண்டுபிடிக்கிறார், ஆறாவது ரீலில் கார் ஓட்டி விடுதலையாகிக் கல்யாணம் செய்துகொள்கிறான். அவ்வளவுதான் கதை.

கொலையும் களவும் வருகிற படத்தை நம்மவர்களே எடுக்கலாமா என்று போதகர்கள் கோபித்துக்கொண்டபோது ஹெயில் சொல்வார்: “வெள்ளைக்காரன் எடுக்கிற படத்துல நாம தட்டு தூக்கறோம், இல்லேன்னா பேயைப் பார்த்துக் கண்ணை உருட்டறோம். என் படத்துல திருடறவனும் நாம, பிடிக்கறவனும் நாம, வக்கீலும் நாம, ஜட்ஜும் நாம. நியாயம் கேக்கறவனும் சொல்றவனும் ஒரே ஒரு இடத்துலயாவது ஒரே நிறமா இருக்கட்டுமே.”

படத்தை வாங்கி ஓட்ட எந்தக் கம்பெனியும் முன்வராததால், ஆறு தகர டப்பாக்களில் ஆறு ரீல்களையும் வைத்துக் காரின் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு, கறுப்பர்களுக்கென்று தனிக் கொட்டகை இருக்கும் ஊர்களைத் தேடி அவரே அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களுக்குப் போனார். அப்படித்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை டன்மோருக்கு வந்து சேர்ந்தார்.

டன்மோர் பருத்தி ஊர். தண்டவாளத்துக்கு மேற்கே வெள்ளைக்காரர்கள், கிழக்கே கறுப்பர்கள். கிழக்குப் பக்கம் இருந்த ஒரே சினிமாக் கொட்டகை ஒருகாலத்தில் கோவேறு கழுதைகள் கட்டிய லாயம். அதை நடத்தியவர் காசியஸ் டாலிவர். ஊரில் கறுப்பர்கள் செத்தால் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்பவரும் அவரேதான். ஆகையால் சாவு வீடுகளுக்குப் போகிற மடக்கு நாற்காலிகள்தான் சாவு இல்லாத நாட்களில் கொட்டகைக்கு வரும். சாவு விழுந்த நாளில் படம் பார்க்கிறவர்கள் நின்றபடி பார்ப்பார்கள்.

அந்தப் புதன்கிழமையோடு லியாண்டர் ப்ரூயிட் சிறைக்குப் போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் ஆலையின் முதலாளி ஹார்லன் கோப், தன் ஆலையின் பின்முற்றத்தில் மண்டை பிளந்து கிடந்தார். அன்று சாயங்காலம் அந்த ஆலையை ஒட்டிய சாலையில் லியாண்டர் தன் கோவேறு கழுதையை நடத்திக்கொண்டு போனதை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். அவர் ஒரு கறுப்பர், அந்தப் பக்கமாகப் போனவர். இந்த இரண்டும் போதுமாக இருந்தன.

அன்றைய காட்சியில் முதல் மூன்று ரீலும் ஹெயில் எடுத்தபடியே ஓடின. நான்காவது ரீல் தொடங்கியதும், சிகாகோ கிளப்பின் உள்ளறை வரவேண்டிய இடத்தில் கோப் ஆலையின் பின்முற்றம் வந்தது. சாய்ந்த வெயில், எடை போடும் கொட்டகை, வேலிக்கு வெளியே செம்மண் சாலை. செத்துப் புதைக்கப்பட்ட ஹார்லன் கோப் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, தன் தங்கை புருஷன் வெஸ்டன் ரஸ்க்கிடம், நான் இருக்கிறவரைக்கும் இந்த ஆலையில் உன் வார்த்தை செல்லாது என்று சொன்னார். ரஸ்க் ஒன்றும் பேசாமல் தராசுப் பக்கம் போய், அதில் தொங்கிய இரும்புக் குண்டைக் கழற்றி எடுத்து வந்து, கோப் முதுகைக் காட்டித் திரும்பிய நேரத்தில் அடித்தார். கோப் ஒரு முறை கத்தினார். இரண்டாவது அடிக்கு ரஸ்க்கின் தொப்பி கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்து, தட்டி, தலையில் வைத்துக்கொண்டு, வேலி ஓரமாக நடந்து போனார். அவர் கையில் குண்டு இருக்கும்போதே வேலிக்கு வெளியே, நாற்பது கஜம் தள்ளி, லியாண்டர் ப்ரூயிட் மக்காச்சோள மாவு அரைமூட்டையைக் கழுதைமேல் போட்டு நடத்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். எட்டு நிமிஷத்தில் ரீல் முடிந்தது. ஐந்தாவது ரீலில் துப்பறிவாளர் ஒன்றுமே நடக்காததுபோல் சிகரெட் பற்றவைத்தார்.

யாரும் அலறவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருத்தி, “கோப் துரைக்குக் காதுகிட்ட மரு இருந்துச்சு, அப்படியே வந்திருக்கு பாருங்க” என்றாள். இன்னொருவர், “அது லியாண்டரோட கழுதைதான், பின்னங்கால் நொண்டுது” என்றார். ஆறாவது ரீல்வரை உட்கார்ந்து கல்யாணத்தையும் பார்த்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாடு சமைத்தார்கள். ஏனென்றால் ரஸ்க்தான் செய்தார் என்பது கிழக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் பத்தொன்பது நாளாகவே தெரியும். அதைப் படம் வந்து சொன்னது மட்டும்தான் புதிது.

பதறியவர் ஹெயில் ஒருவர்தான். மறுநாள் காலையில் ரீலைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஃபிலிமில் சிகாகோ அறையும் சாம்பல் தொப்பியும்தான் இருந்தன. அதையே மெஷினில் போட்டு விளக்கை ஏற்றினால் திரையில் ஆலை முற்றம் வந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

“இது நான் எடுத்ததில்ல” என்றார் டாலிவரிடம், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி.

“நீங்க எடுத்திருந்தா இவ்வளவு தெளிவா வந்திருக்காது” என்றார் டாலிவர்.

அன்று மத்தியானக் காட்சிக்கு லியாண்டரின் மனைவி ஓரலீ வந்தாள். மேற்குப் பக்கத்து வீடுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவள் அவள், கைகள் எப்போதும் சோப்பு நீரில் ஊறி வெளிறி இருக்கும். ரஸ்க் திரையில் வந்ததும், “அந்தக் காலரை நான்தான் திருப்பித் தைச்சேன்” என்று மட்டும் சொன்னாள். பிறகு தன் புருஷன் சாலையில் நடந்து வந்தபோது எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லவில்லை. லியாண்டர் வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கப் பதினோரு விநாடி ஆனது.

படம் முடிந்ததும் அவள் மெஷின் அறைக்கு ஏறி வந்தாள்.

“ஹெயில் ஐயா, ஒண்ணு கேக்கலாமா? அவரைக் கொஞ்சம் மெதுவா நடக்கவைக்க முடியுமா?”

“முடியாதும்மா.”

“சரி, அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தவாவது முடியுமா?”

“நிறுத்தினா விளக்கோட சூட்டுல ஃபிலிம் எரிஞ்சுபோயிடும்.”

ஓரலீ தலையை ஆட்டிவிட்டு, மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள், ஒவ்வொரு நாளும் அந்தப் பதினோரு விநாடிக்கு எழுந்து நின்றாள்.

இப்படியாக நான்காவது ரீல் டன்மோரின் கிழக்குப் பக்கத்து வாழ்க்கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹெயில் மூன்று நாள் தங்க வந்தவர், மூன்று வாரம் தங்கினார். போதகர் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தைப் படம் முடிந்த பிறகு வைத்துக்கொண்டார், பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் கொட்டகை வாசலில் அடுப்பு மூட்டி மீன் பொரித்துத் தின்றார்கள், ஆலையில் வேலை செய்தவர்கள் பகலில் அந்தத் தராசில் பருத்தியை நிறுத்துவிட்டு மாலையில் அதே தராசைத் திரையில் பார்த்தார்கள், பிள்ளைகள் தெருவில் ‘ரஸ்க் ஆட்டம்’ ஆடினார்கள், யார் கோப்பாக விழுவது என்று சண்டை போட்டார்கள், பத்து நாளில் சிலருக்கு அலுப்புத் தட்டி, நான்காவது ரீல் வந்ததும் எழுந்து வெளியே போய்ப் புகையிலை மென்றுவிட்டு ஐந்தாவது ரீலுக்குத் திரும்பி வந்தார்கள். அதிசயம் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. போதகர்கூட, கர்த்தர் இதை எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், நமக்கு இப்போதுதான் காட்டினார், அவ்வளவுதான் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

யாரிடமாவது சொல்லவேண்டுமா என்பதுதான் கேள்வி. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு கொட்டகையிலேயே கூடினார்கள்.

“சொல்றதுன்னா யார்கிட்ட சொல்றது?” என்றார் டாலிவர், ஓரலீயைப் பார்த்து. “ஊர்ப் போலீஸுக்குத் தலைவரா இருக்கிற ஷெரிப்பே, ரஸ்க்கோட சேர்ந்து மீன் பிடிக்கப் போறவர். சகோதரி, நமக்கு எல்லாம் தெரியும், ஆனா தெரியாத மாதிரி இருக்கோம். அதனாலதான் நானும் நீயும் இங்கே உசுரோட உக்காந்திருக்கோம். தெரியும்னு நாம வாயைத் திறந்த நாள், சவப்பெட்டி எத்தனை செய்யணும்னு எனக்குத்தான் தெரியும்.”

“நீங்க சொல்றது சரிதான், சகோதரர்” என்றாள் ஓரலீ. “ஆனா ஒரு பெட்டி எப்படியும் செஞ்சுதானே ஆகணும்?”

மறுநாள் காலை அவள், வெளுத்த துணிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, லியாண்டருக்காகக் கோர்ட் நியமித்திருந்த வெள்ளைக்கார வக்கீலின் வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். வக்கீல் மெலிந்த மனிதர், யாரிடமும் சண்டை போட்டுப் பழகாதவர். அவள் சொன்னதை நம்பவில்லை என்றாலும், மறுக்கத் தெரியாததால் அன்று மத்தியானம் வந்து பார்த்தார். நான்காவது ரீல் முடிந்ததும் தண்ணீர் கேட்டார். கறுப்பர்கள் குடிக்கும் குவளையில் கொடுக்கலாமா என்று டாலிவர் தயங்கியபோது, தானே அதைப் பிடுங்கிக் குடித்தார்.

அந்த வக்கீல் வழியாகச் செய்தி தண்டவாளத்தைத் தாண்டியது, வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய கொட்டகையில் கறுப்பர்கள் பின்படி ஏறி மச்சில்தான் உட்காரவேண்டும் என்பது சட்டம். கறுப்பர்களின் கொட்டகைக்கு வெள்ளைக்காரர்கள் வந்தால் யார் எங்கே உட்காருவது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. வெள்ளைக்காரர்கள் சாவு வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள், நாற்காலிக்கு உரியவர்கள் சுவரோரமாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஷெரிப் வந்தார், கடைக்காரர்கள் வந்தார்கள், விசிறிகளோடு சீமாட்டிகள் வந்தார்கள், மூன்றாம் நாள் வெஸ்டன் ரஸ்க்கே தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து நடுவரிசையில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் செத்துப்போன கோப்பின் தங்கை.

திரையில் அண்ணன் விழுந்தபோது அந்த அம்மாளின் விசிறி நின்றது. கொட்டகையில் மெஷின் ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அப்போது ரஸ்க் தொடையைத் தட்டி, “அட, என்னை இவ்வளவு குண்டாக் காட்டிட்டானுங்களே!” என்றார்.

ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர் சிரித்தார். பிறகு நாற்காலிகளில் இருந்த எல்லாருமே, மூச்சை வெகுநேரம் பிடித்துவைத்திருந்தவர்கள் விடுவதுபோல, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்த அம்மாளின் விசிறி மறுபடியும் அசைய ஆரம்பித்தது. சுவரோரம் நின்ற ஹெயில், தான் எடுத்த எந்த வேடிக்கைக் காட்சிக்கும் இப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை என்று நினைத்தார், நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

ஜட்ஜ் நியாயமானவர் என்று பெயர் எடுத்தவர், அந்தப் பெயர்மேல் ஆசையும் உள்ளவர். கொட்டகையில் காட்டுவதைக் கோர்ட்டும் பார்க்கட்டும் என்று சொல்லி, ஆகஸ்டு மாதம் ஒரு திங்கட்கிழமை காலை தீர்ப்புச் சொல்ல ஊரிலிருந்து பொறுக்கிய வெள்ளைக்கார ஜூரிகள் பன்னிரண்டு பேரையும் வரிசையாக நடத்திக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி வந்தார். அவர்கள் பார்த்தார்கள். இன்னொரு முறை போடச்சொல்லிப் பார்த்தார்கள். கைதியை வெளியே கொண்டுவந்தால் பாதுகாப்பில்லை என்று லியாண்டரை மட்டும் அழைத்து வரவில்லை. ஊரில் அந்தப் படத்தை ஒரு முறைகூடப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

கோர்ட்டுக்குத் திரும்பும் வழியில் வக்கீல் ஹெயிலின் பக்கத்தில் நடந்தபடி தாழ்ந்த குரலில் சொன்னார்: “யார் எடுத்ததுன்னு கேப்பாங்க. தெரியாதுன்னு சொன்னா, ஆள் இல்லாத சாட்சி செல்லாது, தள்ளிடுவாங்க. நடிக்கவெச்சு எடுத்ததுன்னு சொன்னா, வெறும் கதைன்னு தள்ளிடுவாங்க. மூணாவதா ஒரு பதில் இருக்கு. அதைச் சொல்லுன்னு நான் சொல்ல முடியாது.”

ஹெயில் வாழ்நாள் முழுக்கக் கதை கட்டியவர். கூண்டில் ஏறி, பைபிள்மேல் கை வைத்து, இன்னொன்று கட்டினார்.

“இந்தக் காட்சியை எடுத்தது யார்?” என்றார் அரசு வக்கீல்.

“நான்தான், துரை. அன்னிக்கு சாயங்காலம் வேலிக்குப் பின்னால கேமராவோட நின்னேன். ரஸ்க் துரை அடிச்சதைப் பார்த்தேன். இந்த லியாண்டர் சாலையோட போனார், உள்ளே வரவே இல்லை.”

கோர்ட்டில் கறுப்பர்களுக்கு ஒதுக்கிய மச்சில் நின்ற ஓரலீ இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்படின்னா ஒரு வெள்ளைக்காரர் அடிபட்டுச் சாகிறதை நீ நின்னு பார்த்திருக்கே.”

“ஆமாம், துரை.”

“கத்தினியா? ஓடிப் போய்ச் சொன்னியா?”

“இல்ல.”

“ஏன்டா?”

ஹெயில் தன்னைப் பற்றிச் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்: “கத்தியிருந்தா, லியாண்டர் உக்காந்திருக்கிற இடத்துல இப்ப நான் உக்காந்திருப்பேன்.”

ஜூரிகள் உள்ளே போய்ப் பதினைந்து நிமிஷத்தில் வந்தார்கள். லியாண்டர் ப்ரூயிட் குற்றவாளி, தூக்கு. ஹெயிலைக் கூண்டிலிருந்து இறங்கவிடாமல் அங்கேயே பிடித்து, அடுத்த வாரமே விசாரித்து, ஒரு கொலையைக் கண்ணால் பார்த்தும் மறைத்த குற்றத்துக்கு ஐந்து வருஷம் சாலை போடும் வேலைக்கு அனுப்பினார்கள். ஒரே கோர்ட்டு, ரஸ்க் செய்யவே இல்லை என்று தீர்ப்புச் சொன்ன கொலையை, ரஸ்க் செய்யும்போது பார்த்ததற்காக இன்னொருவரைத் தண்டித்தது. இதில் ஏதோ பொருந்தவில்லையே என்று டன்மோரில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஓரலீ மட்டும் வக்கீலிடம் போய்க் கேட்டாள். “அவங்க கண்ணால பார்த்தாங்களே, துரை? அப்புறம் எப்படி?”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜூரிகளின் தலைவராக இருந்த கடைக்காரரிடம் இதையே தானும் கேட்டதாகச் சொன்னார். அவர் ஒளிக்கவில்லையாம். “ரஸ்க்தான் செஞ்சார், அதுல எங்க பன்னிரண்டு பேருக்கும் சந்தேகமே இல்ல. ஆனா அதைக் காட்டினது கறுப்பங்க கொட்டகைச் சுவர். அவங்க சுவர் காட்டறதை இன்னிக்கு நாம நம்ப ஆரம்பிச்சா, நாளைக்கு அது என்ன காட்டும்? யாரைக் காட்டும்? எங்க பன்னிரண்டு பேர்ல ஒருத்தன்கூட அதைத் தாங்கமாட்டான்” என்றாராம். சொல்லும்போது அந்த மனிதர் அழுததாகவும் வக்கீல் சொன்னார், அது ஏதோ ஆறுதல் என்பதுபோல.

தூக்குக்கு முந்தின நாள் பகலில் ஓரலீயைச் சிறைக்குள் விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் லியாண்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர், உட்கார்ந்தும் உயரமாக இருந்தார்.

“படத்துல நான் எப்படி இருக்கேன்?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கே. தொப்பியைப் பின்னால தள்ளி வெச்சிருக்கே. ஏதோ பாட்டு முனகிட்டே போறே, ஆனா சத்தம் கேக்கல.”

“கழுதை நொண்டுதா?”

“நொண்டுது.”

“நான் திரும்பிப் பார்க்கிறேனா?”

“இல்ல. நேரா போறே.”

“அந்த ஆள் கத்தினது எனக்குக் கேட்டுச்சு, ஓரலீ. இதை நான் யார்கிட்டயும் சொல்லல. வெள்ளைக்காரன் குரல்னு தெரிஞ்சுது. அதனாலதான் திரும்பல. பாட்டு முனகலை நான். கேக்காத மாதிரி இருக்கிறதுக்கு உதட்டை அசைச்சேன்.”

“திரும்பியிருந்தா அன்னிக்கே உன்னை மரத்துல தொங்கவிட்டிருப்பாங்க.”

“இருக்கட்டும். அந்த ஆளுக்கு உசுரு இருந்ததோ என்னவோ. தினமும் அதுதான் மனசுல ஓடுது.” பிறகு, “கழுதையை உன் தம்பிகிட்ட கொடுத்துடு. அடிக்கவேண்டாம்னு சொல்லு” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தூக்கிலிட்டார்கள். டாலிவர் போய் வாங்கி வந்து, குளிப்பாட்டி, கழுத்தை மறைக்கும்படி உயரமான காலர் வைத்த சட்டை போட்டு, சாயங்காலமே அடக்கம் செய்தார். நாற்காலிகள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டதால் அன்று படம் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஓரலீ கொட்டகைக்கு வந்து, நான்காவது ரீலை மட்டும் போடச் சொன்னாள். ஹெயிலைக் கொண்டுபோய்விட்ட பிறகு ஆறு டப்பாக்களும் டாலிவரிடமே இருந்தன. ஷெரிப்புக்கு அவற்றைப் பறிமுதல் செய்யவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வேறு யாரும் இல்லாத கொட்டகையில் அவள் நின்றபடி பார்த்தாள். கோப் இடுப்பில் கை வைத்தார், ரஸ்க் குண்டைக் கழற்றினார், கோப் கத்தினார், தொப்பி விழுந்தது, ரஸ்க் எடுத்துத் தட்டினார். வேலிக்கு வெளியே சாலையில் யாரும் வரவில்லை. வெயில் மட்டும் பதினோரு விநாடி அந்தச் செம்மண்மேல் கிடந்தது.

“மறுபடி போடுங்க, சகோதரர்.”

மறுபடி போட்டார். சாலை காலியாகவே இருந்தது. மூன்றாவது முறை போடட்டுமா என்று அவர் கேட்டபோது அவள் வேண்டாம் என்றாள். “அவங்க அவரை அங்கேயிருந்தும் எடுத்துட்டாங்க” என்று சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். திங்கட்கிழமை டெட்ராய்ட் போகும் ரயிலில் அவள் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கூடை எதுவும் எடுத்துப்போகவில்லை என்றார்கள். அவளிடமிருந்து டன்மோருக்குக் கடிதம் வந்ததில்லை. ரஸ்க் ஆலைக்கு முதலாளியானார், அந்தத் தராசுக்குப் புதுக் குண்டு வாங்கிப் போட்டார், மூன்று வருஷம் கழித்து ஷெரிப் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

ஹெயிலின் படத்துக்கு இன்னும் நான்கு பிரதிகள் இருந்தன. அவற்றை அவருடைய தம்பி வேறு ஊர்களில் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பிரதிகள் ஹெயிலுக்கு மறந்தே போயிருந்தன. காலில் சங்கிலியோடு, வெயிலில் கல் உடைத்துச் சாலையில் பரப்புவதுதான் அவர் வேலை. பிற ஊர்களிலிருந்து புதிதாக வரும் கைதிகள் அவர் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கள் ஊரிலும் உங்கள் படம் வந்தது, நான்காவது ரீலில் ரயில்வே குடோனைக் காட்டினார்கள் என்று ஒருவர் சொன்னார். எங்கள் ஊரில் டாக்டர் வீட்டுக் கிணற்றடி என்றார் இன்னொருவர். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க் கொலையை, செய்தவர் முகத்தோடு, ஊர் முழுக்கப் பார்த்திருந்தது.

“அப்புறம் பழி சுமந்தவனை விட்டாங்களா?” என்று ஹெயில் முதலில் ஆவலோடு கேட்டார். தலையை ஆட்டினார்கள். பிறகு ஆவலில்லாமல் கேட்டார். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார்.

மூன்றாவது வருஷம் சித்திரை வெயில்போல் கொளுத்திய ஒரு நாள், முப்பது வயதிருக்கும் ஒருவரைக் கொண்டுவந்து ஹெயிலின் சங்கிலியோடு இணைத்துக் கட்டினார்கள். அவர் பெயர் ரூஃபஸ் மேபரி. அரைமணி நேரம் கல்லை அள்ளிப் போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“ஐயா, படம் எடுக்கிற ஹெயில் நீங்கதானே?”

“ஆமா.”

“எங்க ஊர்ல பாலத்துக்குக் கீழே நடந்ததைக் காட்டினாங்க. அதுல மேலே பாலத்தோட மீன் கூடை தூக்கிட்டு ஒருத்தன் போவான். அது நான்தான், ஐயா.”

ஹெயில் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

“எனக்குத் தூக்குன்னு தீர்ப்பாயிடுச்சு. அப்புறம்தான் உங்க படம் வந்துச்சு. ஜட்ஜ் துரை மூணு நாள் வந்து பார்த்தார். செஞ்சவர் யாருன்னு தெரிஞ்சும் அவரை ஒண்ணும் பண்ணல, ஆனா அவருக்கே மனசு கேக்கல போல. தூக்கை எடுத்துட்டு ஆயுள் ஆக்கிட்டார்.” அவர் ஹெயிலின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “நீங்க நல்லா இருக்கணும், ஐயா. எனக்கு மூணு பிள்ளைங்க. மாசம் ஒரு தடவை அவங்க வந்து என்னைப் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க.”

அவர் முகம் நிஜமாகவே மலர்ந்திருந்தது. ஹெயில் கையை விடுவித்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, “உங்க ஊர் இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.

“இருநூறு மைல் இருக்கும்.”

“பிள்ளைங்களை யார் கூட்டிட்டு வருவாங்க?”

ரூஃபஸ் வாயைத் திறந்தார். யோசித்தார். காவலாளி குதிரைமேலிருந்து அதட்டினான்.

“அதை இன்னும் நினைச்சுப் பார்க்கல, ஐயா” என்று சொல்லிவிட்டு அவர் குனிந்து கல்லை அள்ளினார்.